‘ரிட்.’ வந்தால் எவ்வளவு மெதுவாக்குவது?

கேள்வி:

நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கோத்தகிரியில் இருக்கிறேன். சின்ன வயதில் கொஞ்சம் கர்நாடக சங்கீதம், அப்புறம் நானாகவே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்ட கீபோர்டு, அவ்வளவுதான் என் இசைப் படிப்பு. எங்கள் கொயர் மாஸ்டர் மகனோடு கோயம்புத்தூருக்குக் குடிபோனதும் கொயரை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஈஸ்டருக்கு ஹாண்டெலின் அல்லேலூயா பாட வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. அவர் விட்டுப்போன தாள்களில் ரிட்., ரால்., ரிடென்., அல்லார்க்., மேனோ மோஸ்ஸோ, மொரேண்டோ என்று ஏகப்பட்ட சொற்கள். அத்தனைக்கும் பக்கத்தில் பென்சிலால் ‘மெதுவாக’ என்று எழுதியிருக்கிறார். எல்லாமே மெதுவாகத்தான் என்றால் இத்தனை சொல் எதற்கு?

ரிட். வருகிற இடத்தில் சோப்ரானோ (பெண்களின் மேல்குரல்) ஒரு பக்கம் போகிறது, பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) இன்னொரு பக்கம் போகிறது. அதற்கப்புறம் ஆ டெம்போ (பழைய வேகத்துக்குத் திரும்பு) என்று இருந்தாலும் பழைய வேகம் திரும்புவதே இல்லை. என் பேத்தி டிரினிட்டி காலேஜ் நடத்தும் இசைத் தேர்வில் மூன்றாம் கிரேடு பியானோவுக்குப் படிக்கிறாள். ரிட். என்றால் ரிட்டெனூட்டோ என்று அவள் டீச்சர் சொல்கிறார், புத்தகத்தில் ரிட்டார்டாண்டோ என்று இருக்கிறது. எது சரி? கடைசியாக, கீபோர்டில் ரிதம் போட்டு வாசிக்கும்போது நினைத்த இடத்தில் மெதுவாக்க முடியவில்லை. புது கீபோர்டு வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் பழைய கொயர் மாஸ்டரைக் குறை சொல்ல மாட்டேன். எப்படி மெதுவாக்குவது என்பதை அவர் கையாலேயே காட்டியிருப்பார். தாளில் ‘மெதுவாக’ என்ற ஒரு ஞாபகக் குறிப்பே அவருக்குப் போதும். அந்தக் கை இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறது, தாள் மட்டும் உங்களிடம் இருக்கிறது. அதுதான் சிக்கல்.

இந்த இத்தாலியச் சொற்களில் எதுவுமே எவ்வளவு மெதுவாக என்று சொல்வதில்லை. எந்த விதத்தில் மெதுவாக என்பதைத்தான் சொல்கின்றன. அளவை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். விதத்தைப் பிரித்துப் பார்க்க இரண்டு கேள்வி போதும். வேகம் படிப்படியாகக் குறைகிறதா, ஒரேயடியாகக் குறைகிறதா? வேகத்தோடு சேர்ந்து சத்தமும் மாறுகிறதா?

படிப்படியாகக் குறைவது ரிட்டார்டாண்டோவும் ராலென்டாண்டோவும். ஒரேயடியாகக் குறைவது ரிட்டெனூட்டோவும் மேனோ மோஸ்ஸோவும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து டிரைவரின் காலைக் கவனித்திருக்கிறீர்களா? ஸ்டாப் வருவதற்குக் கொஞ்சம் முன்பே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டியைத் தளரவிடுவார். அது ராலென்டாண்டோ. வளைவில் எதிரே லாரி தெரிந்தால் பிரேக்கை அழுத்திப் பிடிப்பார், லாரி தாண்டியதும் விட்டுவிடுவார். அது ரிட்டெனூட்டோ. செங்குத்தான இறக்கம் தொடங்கும் இடத்தில் இரண்டாவது கியருக்கு மாறி, இறக்கம் முடிகிற வரை அதே நிதானத்தில் கொண்டுபோவார். அது மேனோ மோஸ்ஸோ.

மூன்றாவதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். மேனோ மோஸ்ஸோ என்று பார்த்ததும் ஒவ்வொரு பாரிலும் (தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவிலுள்ள பகுதி) இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுத்துக்கொண்டே போவார்கள். அங்கே கேட்கப்படுவது இழுவை இல்லை, குறைந்த ஒரு புது வேகம். அந்த வேகத்துக்கு வந்த பிறகு மெட்ரோனோம் (ஒரே வேகத்தில் தட்டிக்காட்டும் கருவி) வைத்தால் அதோடு ஒட்டிக்கொண்டு போக வேண்டும். பியூ லென்டோ என்று எங்காவது இருந்தாலும் இதே கதைதான்.

ரிட்டார்டாண்டோவுக்கும் ராலென்டாண்டோவுக்கும் என்ன வித்தியாசம்? பரீட்சைக்கு எழுதுவதானால் இரண்டுக்கும் ஒரே பதில், படிப்படியாக வேகம் குறைய வேண்டும். இத்தாலியில் சாலையோரப் பலகைகளில் ‘ரால்லென்டாரே’ என்று எழுதியிருக்கும், வண்டியை மெதுவாக ஓட்டு என்று. ரிட்டார்டாரே என்பது தாமதிப்பது. இதை வைத்துக்கொண்டு ஒன்று வேண்டுமென்றே பிடித்து நிறுத்துவது, மற்றது தானாகத் தளர்வது என்று நுணுக்கம் பேசுகிறவர்கள் உண்டு. பேசட்டும். எழுதுகிறவர்கள் பலர் பழக்கத்தின்படி இரண்டில் ஒன்றைப் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது என் எண்ணம். உங்கள் கொயர் பயிற்சியில் ஒரு நிமிடம்கூட இதற்குச் செலவிட வேண்டாம்.

சத்தமும் சேர்ந்து மாறுகிற சொற்கள் தனி. அவற்றை ‘மெதுவாக’ என்று மட்டும் எழுதி வைத்தால்தான் உண்மையிலேயே நஷ்டம். அல்லார்காண்டோ என்றால் அகலமாக்குவது. வேகம் குறையும், ஆனால் குரல் குறையக் கூடாது, பெரும்பாலும் ஏறும். ஒவ்வொரு ஸ்வரமும் முழு நீளத்துக்கு நிறைந்து நிற்க வேண்டும். நம் ஊர் கொயர்களில் மெதுவாக்கச் சொன்னால் குரலும் கூடவே இறங்கிவிடும், அது ஒரு வியாதி. அதனால் அல்லார்க். என்று இருக்கும் இடத்திலெல்லாம் ‘மெதுவாக’வை அழித்துவிட்டு ‘முழுக் குரல்’ என்று எழுதுங்கள். வேகத்தை உங்கள் கை பார்த்துக்கொள்ளும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் காலாண்டோ, மொரேண்டோ, ஸ்மொர்ட்ஸாண்டோ, பெர்டெண்டோஸி. வேகமும் சத்தமும் இரண்டும் தேய வேண்டும். இவற்றில் மொரேண்டோவும் ஸ்மொர்ட்ஸாண்டோவும் சத்தத்தைப் பற்றியே அதிகம் பேசுகின்றன, வேகம் பின்னாலேயே வரும். பேத்தி இன்னும் சில வருடம் கழித்து டெபுஸ்ஸியின் ‘க்ளேர் டு லூன்’ வாசிக்க வந்தால் அதன் கடைசிப் பகுதியில் மொரேண்டோவைப் பார்ப்பாள், முடிவு வரைக்கும் அப்படியே போ என்று பிரெஞ்சிலும் சேர்த்து எழுதியிருக்கும். கொயருக்கு மொரேண்டோ வந்தால் ஒரே எச்சரிக்கை: சத்தம் குறையக் குறைய சுருதியும் இறங்கும். வாயைச் சிறிதாக்காமல் மூச்சைச் சிறிதாக்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் உண்மையான தொல்லைக்கு வருகிறேன். ரிட். வந்தால் சோப்ரானோவும் பேஸும் ஏன் பிரிகின்றன?

ஒவ்வொருவரும் பீட்டை மட்டும் மனதில் வைத்திருப்பதால்தான். பீட் நீளும்போது அடுத்த பீட் எங்கே விழும் என்பதை ஒவ்வொருவரும் ஊகிக்கிறார்கள். கீழே நீண்ட ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பேஸுக்கு ஒரு ஊகம், மேலே எட்டு ஸ்வரம் ஓடுகிற சோப்ரானோவுக்கு இன்னொரு ஊகம். பீட்டுக்கு உள்ளே இருக்கிற சிறு பகுதிகளை எல்லாரும் ஒன்றாக எண்ணினால் ஊகத்துக்கே வேலை இல்லை.

இதற்கு நம்மிடமே நல்ல கருவி இருக்கிறது, உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பீட்டுக்கு ஒரு தகதிமி. ரிட்.டுக்கு முந்தைய இரண்டு பாரிலிருந்தே எல்லாரையும் பாடாமல் வாயால் தகதிமி சொல்ல வையுங்கள். ரிட். தொடங்கியதும் நீங்கள் கையை மெதுவாக்க, அந்த நான்கு எழுத்தும் சமமாக அகன்றுகொண்டே போக வேண்டும். ‘தக’ பழைய வேகத்தில் ஓடி ‘திமி’ மட்டும் இழுபட்டால் தப்பு, நிறுத்திவிட்டு மறுபடி. இது சரியாக வந்த பிறகு பாதிப் பேர் தகதிமி சொல்ல, பாதிப் பேர் பாடட்டும். பிறகு மாற்றுங்கள். கடைசியாக எல்லாரும் பாடிக்கொண்டே மனதுக்குள் மட்டும் சொல்லட்டும். ஆறு-எட்டுத் தாளப் பாட்டு என்றால் தகிட, தகிட. வயதானவர்கள் யாராவது டானிக் சோல்ஃபா தாளில் (ஸ்வரங்களை எழுத்துகளால் எழுதும் முறை) படிப்பவர்களாக இருந்தால் அவர்களுக்கு இன்னும் சுலபம், அந்தத் தாளில் பீட்டுகள் ஏற்கெனவே புள்ளி வைத்துப் பிரித்தே இருக்கும். ரிட். எந்தப் பீட்டில் தொடங்குகிறதோ அங்கே ஒரு கோடு போட்டுக் கொடுங்கள்.

கர்நாடக சங்கீதம் படித்ததால் ஒரு சங்கடமும் உண்டு. காலப்பிரமாணம், அதாவது தாளத்தின் வேகம், அசையக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட காதுக்கு ரிட்டார்டாண்டோ முதலில் தவறு மாதிரியே கேட்கும். அதனால் மெதுவாக்கச் சொன்னால் சிலர் சட்டென்று கீழ்க்காலத்துக்குப் போய்விடுவார்கள், வேகம் சரியாகப் பாதியாகிவிடும். ரிட்டார்டாண்டோவில் அப்படி இரண்டுக்கு ஒன்று என்ற கணக்குக் கிடையாது, சரிவு மட்டும்தான் உண்டு.

சரிவு எப்படி இருக்க வேண்டும்? கணக்கு டீச்சரிடம் எண்ணாகவே சொல்லலாம். நிமிடத்துக்கு 96 பீட் வேகத்தில் போகும் பாட்டு, எட்டுப் பீட்டில் 60க்கு இறங்க வேண்டும் என்று வையுங்கள். 96இல் ஒரு பீட் 0.625 விநாடி, 60இல் ஒரு விநாடி. என் காதுக்கு இயல்பாகப் படுகிற இறக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: 96, 92, 88, 84, 80, 76, 71, 66, 60. முதலில் சின்னப் படி, கடைசியில் பெரிய படி. வேகத்தின் வர்க்கம் ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரே அளவு குறைகிற கணக்கு இது, போட்டுப் பாருங்கள், சரியாக வரும். ஸ்டாக்ஹோமில் ஃப்ரீபெர்க், சுண்ட்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஓடி வந்து நிற்கிறவர்களின் வேகம் எப்படிக் குறைகிறது என்று அளந்து, பாட்டின் முடிவில் கலைஞர்கள் செய்யும் ரிட்டார்டாண்டோவோடு ஒப்பிட்டு 1999இல் எழுதினார்கள். இரண்டும் நன்றாகவே ஒத்துப்போயின. முதல் பீட்டிலேயே பாதி வேகத்தைத் தொலைத்துவிட்டு மிச்சத்தை ஒப்பேற்றுகிற கொயர் ஏன் தடுக்கி விழுகிற மாதிரி கேட்கிறது என்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த எண்களை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம், செய்தாலும் கையில் வராது. ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ரிட். என்ற எழுத்து எங்கே நிற்கிறதோ அந்தப் பீட்டில் வேகம் இன்னும் பழையதுதான். குறையத் தொடங்குவது அதற்கு அடுத்துத்தான். எழுத்துக்குப் பின்னால் சிறு சிறு கோடுகள் ஓடினால் அந்தக் கோடு முடிகிற வரை இறக்கம். கோடு இல்லாவிட்டால் ஆ டெம்போ, டபுள் பார் (பகுதி முடிவைக் காட்டும் இரட்டைக் கோடு), பாட்டின் முடிவு, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை. போக்கோ என்று முன்னால் இருந்தால் கொஞ்சமாக, மோல்ட்டோ என்றால் நன்றாக, போக்கோ ஆ போக்கோ என்றால் நீண்ட தூரத்துக்குச் சிறுகச் சிறுக. ‘சென்ஸா’ என்று முன்னால் இருந்தால் மெதுவாக்காதே. எச்சரித்தால் ஒழிய எல்லாரும் அங்கே தளர்ந்துவிடுவார்கள் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

பழைய வேகம் திரும்பாததற்கு வருவோம். ஆ டெம்போ என்ற இடத்தில் மீட்கப் பார்த்தால் அது தாமதம். அதற்கு முந்தைய மூச்சிலேயே புது வேகம் வந்துவிட வேண்டும். உங்கள் கை மேலே போகிற அந்த வீச்சு, கொயர் மூச்சிழுக்கிற அந்தக் கணம், இரண்டும் பழைய 96இல் இருந்தால் அடுத்த பீட் தானாக 96இல் விழும். நீங்கள் இன்னமும் மெதுவான கையோடு மேலே போய்விட்டு கீழே வரும்போது மட்டும் வேகமாக அடித்தால் முன்வரிசை உங்களோடு வரும், பின்வரிசை வராது.

வீட்டில் தனியாகப் பழக ஒரு வழி. போனில் மெட்ரோனோம் ஆப்பை 96இல் ஓடவிட்டு நான்கு பார் பாடுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டு ரிட். பகுதியைப் பாடி, ஆ டெம்போவுக்கு வந்து இரண்டு பார் போனதும் சத்தத்தைத் திரும்பத் திறங்கள். எந்த வேகத்தில் வந்து சேர்ந்தீர்கள் என்று அது ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடும். பெரும்பாலும் குறைவாகத்தான் இருப்பீர்கள். மெல்ட்ஸெல் என்பவர் மெட்ரோனோமுக்கு 1815இல் காப்புரிமை வாங்கினார், பீத்தோவன் 1817இல் தன் முதல் எட்டு சிம்பொனிகளுக்கும் அதன் எண்களைப் போட்டுக்கொடுத்தார். அன்று முதல் தொடக்க வேகத்துக்கு எண் போடுவது வழக்கமாகிவிட்டது. சரிவுக்குப் பெரும்பாலும் யாரும் எண் போடுவதில்லை, போன வேகத்துக்குத் திரும்பினோமா என்று சரிபார்க்க மட்டும் மெட்ரோனோம் உதவும்.

கொயர் பயிற்சியில் இதையெல்லாம் முதல் பத்து நிமிடத்தில் வையுங்கள். அரவேணு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் கடைசி நேரத்தில் எந்த ரிட்டார்டாண்டோவையும் பாட மாட்டார்கள்.

அல்லேலூயாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் முடிவில் இருப்பது ரிட்டார்டாண்டோவே இல்லை. அல்லேலூயா இடம்பெறும் ‘மெஸ்ஸையா’ முழுவதையும் ஹாண்டெல் 1741இல் 24 நாளில் எழுதி முடித்தார், அடுத்த வருடம் ஏப்ரல் 13இல் டப்ளினில் அரங்கேறியது. அந்த அவசரத்திலும் கடைசி ஒரே ஒரு ‘அல்லேலூயா’வுக்கு மேல் அடாஜியோ (நிதானமாக) என்று எழுத அவர் மறக்கவில்லை. அதற்கு முன்னால் வேகமாக வந்துகொண்டிருக்கும் அல்லேலூயாக்கள் சட்டென்று நிற்கும், ஒரு முழு அமைதி, அதற்கப்புறம் நீண்ட ஸ்வரங்களில் அடாஜியோ. அந்த அமைதிக்கு முன்னால் மெதுவாக்கச் சொல்லி அவர் எதுவும் எழுதவில்லை. உங்கள் தாளில் அங்கே ரிட். இருந்தால் அது பதிப்பாசிரியரோ வேறு யாரோ சேர்த்தது, தாராளமாக அடித்துவிடலாம். அமைதிக்கு முன்பே கொயர் தளர்ந்துவிட்டால் நிற்கப்போகிறது என்று கேட்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும், நின்றதில் எந்த அதிர்வும் இருக்காது. முழு வேகத்தில் வந்து சுவரில் மோதின மாதிரி நிறுத்துங்கள். கீபோர்டின் சஸ்டெயின் பெடலிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். கூரை உயரமான பழைய சர்ச் என்றால் கடைசி ஒலி அடங்குகிற வரை காத்திருந்து, பிறகு அடாஜியோவின் வேகத்திலேயே ஒரு வீச்சுக் கொடுங்கள். அந்தக் கடைசி ஒரு சொல்லை மட்டும் அரை மணி நேரம் பயிற்சி செய்தாலும் தகும். அமைதியில் யாராவது ஒருவர் தனியாக ‘அல்’ என்று குதித்துவிடுவது எல்லா ஊர் கொயரிலும் நடப்பதுதான். உங்கள் டெனரில் (ஆண்களின் மேல்குரல்) யார் அப்படிக் குதிக்கக்கூடியவர் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும், அவரைக் கண்ணுக்கு நேரே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஹாண்டெல் காலத்துத் தாள்களில் ரிட்டார்டாண்டோ மாதிரிச் சொற்கள் அபூர்வம். அதனால் அவர்கள் மெதுவாக்கவே இல்லை என்று ஆகாது. ஹாண்டெலுக்கு நூறு வருடத்துக்கு மேல் முன்பே, 1615இல், ரோமில் ஃப்ரெஸ்கோபால்டி என்ற ஆர்கன் கலைஞர் தன் டொக்காட்டா (கீபோர்டு வகை வாத்தியங்களுக்கான இசை) தொகுப்பின் முன்னுரையில், முடிவை நெருங்கும்போது வேகத்தைத் தளர்த்தி வாசிக்கச் சொல்லியிருக்கிறார். சொல் எழுதாமலே செய்யத் தெரிந்தவர்கள் அவர்கள்.

தெரிந்தவர்கள் அளவோடு செய்வார்கள், நம் ஞாயிறு ஆராதனைகளில் அளவு போய்விடுகிறது. பாமாலைப் பாட்டு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சரணத்தின் கடைசி வரியையும் இழுத்து, அடுத்த சரணத்தை அந்த இழுத்த வேகத்திலேயே தொடங்கி, ஐந்தாவது சரணம் வரும்போது பாட்டு நகரவே மாட்டேன் என்கிறது. கீபோர்டு வாசிப்பவர் நீங்கள் என்பதால் தடுக்க உங்களால் முடியும். நடுச் சரணங்களில் மெதுவாக்காதீர்கள். அதற்குப் பதிலாகக் கடைசி ஸ்வரத்துக்குப் பிறகு சபை முழுவதும் மூச்சு வாங்க இடம் விட்டு, பழைய வேகத்திலேயே அடுத்ததைத் தொடங்குங்கள். ரிட்டார்டாண்டோ கடைசிச் சரணத்துக்கு மட்டும். ஃபெர்மாட்டா, அதாவது மேலே வளைவும் புள்ளியும், இருக்கும் இடத்தில் தாளம் நின்றே போகிறது. அது எந்த வேகத்துக்கும் உட்பட்டதல்ல, எப்போது விடுவது என்று உங்கள் கைதான் சொல்ல வேண்டும்.

பேத்தியின் கேள்வி. ரிட். என்றால் இப்போதைய பாடப் புத்தகங்களில் ரிட்டார்டாண்டோதான். தேர்வில் கேட்டால் ‘படிப்படியாக மெதுவாக’ என்று எழுதட்டும். ரிட்டெனூட்டோவுக்கு ரிடென். என்று தனிச் சுருக்கம் இருக்கிறது. ஆனால் அவள் டீச்சர் ஒன்றும் இல்லாததைச் சொல்லவில்லை, பழைய பதிப்புகளில் ரிட்டெனூட்டோவையும் ரிட். என்றே சுருக்கியிருப்பார்கள். அப்படிச் சந்தேகம் வந்தால் இசையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஒரு பாரோ இரண்டு பாரோ இடம் இருந்தால், பின்னால் கோடு ஓடினால், அது ரிட்டார்டாண்டோ. இரண்டே ஸ்வரத்துக்கு மேல் ரிட்., அடுத்த ஸ்வரத்திலேயே ஆ டெம்போ என்றால் படிப்படியாகக் குறைக்க அங்கே இடமே கிடையாது, பிடித்து நிறுத்திவிட்டு விட வேண்டியதுதான். டீச்சரிடம் போய் ‘பாட்டி சொன்னாங்க’ என்று அவள் வாதாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பாட்டில், எந்தப் பாரில் என்று கேட்டுவிட்டு அந்த இடத்தை இரண்டு விதமாகவும் வாசித்துக் காட்டச் சொன்னால் சுமுகமாக முடிந்துவிடும்.

டிரினிட்டி தேர்வில் பாட்டு ஒன்றுக்கு 22 மதிப்பெண், மூன்று பாட்டுக்கு 66. தாளில் உள்ளதைச் சரியாகவும் தடையில்லாமலும் வாசிப்பதற்கு ஏழு, கைத்திறனுக்கு ஏழு, உணர்த்தும் விதத்துக்கு எட்டு. மெதுவாக்கும் குறிப்பை விட்டுவிட்டால் முதல் ஏழிலும் அடி, கடைசி எட்டிலும் அடி. மூன்றாம் கிரேடு பிள்ளைகளிடம் நான் அடிக்கடி பார்ப்பது, ரிட். வந்ததும் இடது கையை மறந்துவிடுவது. வலது கை அழகாகத் தளரும், இடது கை தன்பாட்டுக்குப் பழைய வேகத்தில் போய் முன்கூட்டியே முடித்துவிடும். இடது கையை மட்டும் தனியாக வாசித்து ரிட்டார்டாண்டோ செய்யப் பழக்குங்கள். ருபாட்டோ என்று யாராவது அவளிடம் பேசினால் அது வேறு விஷயம், அதில் இடது கை தாளத்தை விடாது, வலது கை மட்டும் முன்னே பின்னே போகும். மோட்ஸார்ட் 1777இல் தன் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் தான் அப்படித்தான் வாசிப்பதாகப் பெருமையடித்திருக்கிறார். மூன்றாம் கிரேடுக்கு அது வேண்டாம்.

கடைசியாகக் கீபோர்டு. புதிது வாங்க வேண்டாம். உங்களுடையது யமஹா பிஎஸ்ஆர் வகை என்றால் எண்டிங் பட்டனைப் பாருங்கள், அதன் பக்கத்திலேயே ரிட். என்று அச்சிட்டிருக்கும். ஒரு முறை அழுத்தினால் முடிவு வாசிக்கத் தொடங்கும், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு முறை அழுத்தினால் முடிவு படிப்படியாக மெதுவாகும். இது பாட்டின் முடிவுக்கு மட்டும் உதவும். நடுவில் ரிட். வந்தால் அந்தப் பட்டன் பயன்படாது. அங்கே ரிட்.டுக்கு ஒரு பார் முன்னால் ஸ்டார்ட்-ஸ்டாப்பை அழுத்தி ரிதமை நிறுத்திவிட்டு வெறும் கையால் வாசியுங்கள். வாசித்துக்கொண்டே சிங்க் ஸ்டார்ட்டை அழுத்தி வைத்துவிட்டால், ஆ டெம்போவில் இடது கையில் நீங்கள் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) பிடித்ததும் ரிதம் பழைய வேகத்திலேயே தொடங்கிவிடும். வலது கை ராகம் வாசித்துக்கொண்டிருக்கும்போது இரண்டு பட்டனை அழுத்துவது சிரமம்தான், பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து அவளை அழுத்தச் சொல்லுங்கள். ரிதம் பேட் வாசிக்கிற தம்பி யாராவது உங்கள் சர்ச்சில் இருந்தால் அவருக்கும் அந்தப் பாரைக் குறித்துக் கொடுத்துவிடுங்கள். அல்லேலூயாவுக்கு மட்டும் ரிதமும் வேண்டாம், பேடும் வேண்டாம்.